மற்றவை மாறாதிருந்தால்

வேளாண் பொருளாதார ஆராய்ச்சி மையத்தில் விலை முன்னறிவிப்புப் பிரிவுக்கு ஒரு தலைவர் உண்டு. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. வாரம் தவறாமல் வானொலியில் சந்தை நிலவரம் சொல்லிச் சொல்லி, அவருக்கே நிலவரம் என்று பெயர் விழுந்துவிட்டது. உரக்கடையிலும் நிலவரம்தான், மாமியார் வீட்டிலும் நிலவரம்தான். முதலில் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். முனைவர் பட்டத்துக்குக் கிடைக்காத மரியாதை இந்தப் பெயருக்குக் கிடைப்பதைப் பார்த்ததும் பேசாமல் இருந்துவிட்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் அன்றைக்குப் பேருந்தின் கடைசி இருக்கையில், யார் கண்ணிலும் படாமல், பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அலுவலக ஜீப்பை வேண்டாமென்று சொல்லிவிட்டார். ஜீப்பின் கதவில் மையத்தின் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். வெங்காயம் அழுகிக் கிடக்கிற ஊருக்குள் அந்தப் பெயரோடு போவதற்கு அவருக்குத் துணிச்சல் இல்லை.

வெங்காய விலை ஏன் இப்படிச் சரிந்தது என்று களத்துக்குப் போய் விசாரித்து வரும்படி இயக்குநர் அவரை அனுப்பியிருந்தார். ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த ஊர்களில் அவர் மனைவியின் ஊரும் இருந்தது. அதை வேறு யாருக்காவது தள்ளிவிடப் பார்த்தார். இயக்குநர் விடவில்லை. பெண் எடுத்த ஊர், உங்களிடம் என்றால் மனம் விட்டுப் பேசுவார்கள் என்று சொல்லிவிட்டார். மனம் விட்டுப் பேசிவிடுவார்களோ என்பதுதான் நிலவரத்தின் பயமே.

நடந்தது இதுதான். நடவுக்கு முந்தைய மாதங்களில் அவருடைய பிரிவு வழக்கம் போலப் பழைய விலைகளையும் வரத்தையும் மழையையும் கணினியில் போட்டுக் கணக்கிட்டது. அறுவடை நேரத்தில் வெங்காயத்துக்கு நல்ல விலை இருக்கும் என்று விடை வந்தது. அறிவிப்பின் அடியில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், 'மற்றவை மாறாதிருந்தால்' என்று ஒரு வரி. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாருமே அந்த வரியைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறார்கள். சொன்னது பலித்தால் கெட்டிக்காரர், பலிக்காவிட்டால் மற்றவை மாறிவிட்டன.

முந்தைய ஆண்டுகளில் அந்த அறிவிப்பு காகிதமாக வெளிவந்து, அச்சடித்த இடத்திலேயே கட்டுக்கட்டாகக் கிடந்து, கடைசியில் அலுவலகச் சன்னல் துடைக்கப் பயன்பட்டது. அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. இந்த முறைதான் இயக்குநருக்கு ஒரு யோசனை உதித்தது. விவசாயிகள் எல்லாருடைய கைபேசிக்கும் குரல் செய்தியாக அனுப்பினால் என்ன? அனுப்பினார்கள். நிலவரத்தின் சொந்தக் குரலில், நின்று நிதானமாக, வெங்காயம் போடுங்கள், நல்ல விலை கிடைக்கும் என்று போனது. அடியில் இருந்த அந்தச் சின்ன வரியைக் குரலில் சொல்ல நேரம் போதவில்லை.

கொஞ்ச நாளில் விதைக்கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டு வாயெல்லாம் பல்லாகப் பாராட்டினார். உங்க புண்ணியத்துல வெங்காய விதை ஒரு பொட்டலம்கூட மிச்சமில்லை சார் என்றார். நிலவரம் போனை வைத்துவிட்டு யோசித்துப் பார்த்தார். ஊரெல்லாம் வெங்காயம் போட்டால் விலை எங்கே நிற்கும்? மாறாது என்று நம்பிய ஒன்றை அவர் குரலே மாற்றிவிட்டது. இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிகிற விஷயம். ஆனால் கணினிக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் இவர்தான்.

அப்போதும் ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை. நாற்று நாற்றங்காலில்தான் இருந்தது. திருத்திச் சொல்லி இன்னொரு செய்தி அனுப்பியிருந்தால் பாதிப் பேராவது தப்பித்திருப்பார்கள். நிலவரம் இயக்குநரின் அறைக்குப் போனார். அங்கே மேசைமேல் அந்தக் குரல் செய்தித் திட்டத்துக்குப் பாராட்டு விழா நடத்துவதற்கான அழைப்பிதழ் மாதிரிகள் விரிந்து கிடந்தன. இப்போது மாற்றிச் சொன்னால் சந்தி சிரிக்கும், அடுத்த வருஷம் நம் பேச்சை நாய்கூட மதிக்காது என்றார் இயக்குநர். நிலவரம் வாதாடியிருக்கலாம். எழுதிக் கொடுத்திருக்கலாம். வானொலி அவர் கையில்தானே இருந்தது, அங்கேயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அழைப்பிதழில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

வந்தவர் நேராக மாடிப்படிக்குக் கீழே, ஜெனரேட்டர் அறைப் பக்கம் போய், மனைவியின் அண்ணனைக் கைபேசியில் கூப்பிட்டார்.

"மச்சான், இந்தத் தடவை வெங்காயம் வேணாம். மக்காச்சோளம் போடுங்க. ஊரே போட்டுட்டு இருக்கு, விலை படுத்துரும். யார்கிட்டயும் இதைச் சொல்லிட வேணாம்."

 அந்தப் பக்கத்திலிருந்து "சரி மாப்ளே" என்று மட்டும் வந்தது.

நிலவரத்துக்கு அப்போது மனம் லேசானது. வெட்கக்கேடு என்னவென்றால், ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டதாகக்கூட நினைத்துக்கொண்டார். பெண் கொடுத்த வீட்டுக்கு ஒரு கைம்மாறு. மனைவியிடம்கூட அதைச் சொல்லவில்லை.

இப்போது பேருந்தில் அந்த ஒரு நினைப்புதான் அவரைக் குடைந்தது. ஊர் முழுக்க வெங்காயம் அழுகிக் கிடக்க, நடுவில் மச்சான் நிலத்தில் மட்டும் மக்காச்சோளம் நிற்கும். அதைப் பார்க்கிறவன் எவனும், இவனுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்காமல் இருப்பானா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், ஆளுயரச் சோளத்தை எதில் மறைப்பது? தண்ணீர் போதவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்று வழிநெடுக ஆளுக்கொரு காரணம் தயார் செய்துகொண்டே வந்தார்.

பேருந்தை விட்டு இறங்கியதுமே நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. சாலையின் இரண்டு பக்கமும் வெங்காயம் குவியல் குவியலாகக் கிடந்தது. மேலே காய்ந்து, அடியில் நீர் கசிந்து, ஈ மொய்த்தது. பல வயல்களில் பிடுங்கவே இல்லை. பிடுங்குகிற கூலிக்குக்கூட விலை தேறாது என்று ஆட்டை ஓட்டி விட்டிருந்தார்கள். ஆடும் இரண்டு வாய் மேய்ந்துவிட்டு ஒதுங்கி நின்றது.

நிலவரம் தலையைக் குனிந்துகொண்டே நடந்து, பம்புசெட்டைத் தாண்டி, மெல்லக் கண்ணை உயர்த்தினார். மச்சான் நிலத்தில் சோளம் இல்லை. இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை வெங்காயம், தாள் சாய்ந்து காய்ந்து கிடந்தது.

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. அதுதான் முதலில் வந்தது. இனி யாரும் ஒன்றும் கேட்க முடியாது. மச்சான் வயிறு எரிந்து கிடக்கிற இடத்தில் நின்று தன் வயிறு குளிர்ந்ததை உணர்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. சீ என்று வந்தது. அங்கேயே திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தார். அதற்குள் மச்சான் பார்த்துவிட்டார்.

மச்சான் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, பிடுங்கிய கொஞ்சத்தில் நல்லது கெட்டது பிரித்துக்கொண்டிருந்தார். ஆள் ஆஜானுபாகு. எதையும் சிரிப்போடு சொல்கிறவர்.

"வாங்க மாப்ளே. எவ்வளவு வேணும்னாலும் எடுத்துட்டுப் போங்க. உரிக்கும்போது மட்டும் அழாதீங்க, உங்க பங்குக்கும் சேர்த்து இங்க அழுதாச்சு" என்றார்.

அவர் மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அத்தை நல்லா இருக்காங்களா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அவளைச் செவிலியர் படிப்பில் சேர்க்க இந்த அறுவடையைத்தான் நம்பியிருந்தார்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு சொல்லிட்டேன், அவளும் சரின்னுட்டா என்று மச்சான் சாதாரணமாகச் சொன்னார். நிலவரம் தண்ணீரைக் கீழே வைத்தார்.

"நான்தான் சொன்னேனே மச்சான். ஏன் கேக்கல?"

மச்சான் கையிலிருந்த வெங்காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுத்தி வெங்காயம் நிக்கிறப்ப என் நிலத்துல மட்டும் சோளம் நின்னா, ஏன்டான்னு கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது. உள்ளதச் சொன்னா, ஊருக்கு ஒண்ணு சொல்லிட்டு வீட்டுக்கு ஒண்ணு சொன்னாரான்னு உங்களப் பேசுவாங்க. தங்கச்சி புருஷன் பேரு கெடறதுக்கு வெங்காயம் கெட்டுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். ஒரு பருவம்தானே மாப்ளே."

குத்திக் காட்டுகிற குரல் இல்லை. இருந்திருந்தால் நிலவரம் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கோபப்பட்டாவது இருப்பார். அதற்கும் வழியில்லாமல், பிரித்து வைத்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மக்காச்சோளத்துக்கு இந்த வருஷம் நல்ல விலை. அந்தக் கணக்கு அவருக்கு மனப்பாடமாகத் தெரியும்.

நிலவரம் வந்திருக்கிறார் என்று தெரிந்து அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அவர் உடம்பைக் குறுக்கிக்கொண்டார். அவர்களோ அவருக்கு ஒரு நாற்காலி தேடிக் கொண்டுவந்து போட்டார்கள். பக்கத்து நிலத்துப் பெரியவர், மச்சானோடு ஒரே கிணற்றில் தண்ணீர் எடுப்பவர், நிலவரத்தின் தோளில்கூடத் தட்டிக்கொடுத்தார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க? மழையும் விலையும் யாரு கையில இருக்கு? தெரிஞ்சிருந்தா சொந்த மச்சானுக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டீங்களா? அவரே எங்களோட சேர்ந்து அடிபட்டு உக்காந்திருக்காரு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

ஆமாம் ஆமாம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். மச்சான் தலையை நிமிர்த்தாமல் வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்தார்.

நிலவரத்துக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்த மரியாதையை அவரால் தாங்க முடியவில்லை. அது மச்சான் தன் வெங்காயத்தைக் கொடுத்து வாங்கிய மரியாதை. அதில் தான் உட்கார்ந்திருப்பது அருவருப்பாக இருந்தது. மனிதனுக்குத் திடீரென்று யோக்கியனாகிவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டால் முன்னும் பின்னும் பார்க்க மாட்டான். நிலவரம் எழுந்து நின்றார்.

"எனக்குத் தெரியும். நாத்து நடறதுக்கு முன்னாடியே தெரியும். மாத்திச் சொல்லணும்னு போனேன், தைரியம் வரல. மச்சானுக்கு மட்டும் போன் பண்ணி வேணாம்னு சொன்னேன். நான் பண்ணது பெரிய தப்பு."

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு போனது போல இருந்தது. அடிக்கட்டும், காறித் துப்பட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தார். அவரை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் மச்சான்மேல் இருந்தது.

"உனக்குத் தெரியுமா தம்பி?" என்று பெரியவர் கேட்டார்.

மச்சான் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். 

"விதை வாங்க என்கூடத்தானே வந்தே. கடையில என் பக்கத்துலதானே நின்னே."

"அப்ப தெரியாதுண்ணே. நடவுக்கு முன்னாடிதான்..."

"நடவுக்கும் என் வயலுக்கு வந்து நின்னியே."

நிலவரம் குறுக்கே புகுந்து, நான்தான் யாரிடமும் சொல்லக்கூடாதென்று கேட்டுக்கொண்டேன், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை, அவரும் வெங்காயம்தானே போட்டார் என்று என்னென்னவோ சொன்னார். பெரியவர் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அவரு ஆபீஸ்காரரு, அவருக்கு ஆயிரம் இருக்கும். நீ எங்க ஆளு" என்றார் மச்சானிடம். அந்தக் கிணற்றில் யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்பது இதுவரை வாய்ப்பேச்சில்தான் நடந்து வந்தது. ஒரு சண்டை வந்ததில்லை. இனிமேல் அதை எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். நாற்காலியைக் கொண்டுவந்தவர் மறக்காமல் அதையும் எடுத்துக்கொண்டு போனார்.

மச்சான் வரப்பு வரைக்கும் அவர்கள் பின்னாலேயே போய், அண்ணே என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் நிற்கவில்லை. அவர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். அவ்வளவு பெரிய உடம்பு எப்படியோ சின்னதாகிவிட்டது.

"மச்சான், நான் உண்மையைச் சொல்லிடணும்னுதான்..." என்று நிலவரம் ஆரம்பித்தார். தன் குரல் தனக்கே கேட்கச் சகிக்கவில்லை. ஊரெல்லாம் நம்பி வெங்காயம் போட்டதும் இதே குரலைக் கேட்டுத்தான்.

"உங்க பாரம் இறங்கிருச்சுல்ல மாப்ளே. விடுங்க" என்றார் மச்சான். அவர் குரலில் கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை. இருங்க, சாப்பிட்டுப் போங்க என்று எப்போதும் சொல்கிறவர், பேருந்து வருகிற நேரத்தைச் சொன்னார். பையை அவரே எடுத்துக் கையில் கொடுத்தார். சாலை வரைக்கும் கூடவே வந்தார்.  பேருந்து வந்து நின்று, நிலவரம் படியில் ஏறிய பிறகுதான் மச்சான் வாயைத் திறந்தார்.

"தங்கச்சிகிட்ட இதை எதுவும் சொல்லிடாதீங்க. அவளாவது இங்க வந்து போயிட்டு இருக்கட்டும்."