டிஸ்க்குக்கு உடைத்த தேங்காய்

கோவில்பட்டி நூல் மில்லில் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய வருஷமே அதற்கு உடம்புக்கு முடியாமல் போனது. மில் கணக்கெல்லாம் பதிந்த, பீரோ மாதிரி நிற்கும் டிஸ்க் திடீரென்று படிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பக்கத்துப் பிரிண்டர் தானாகவே தேதி, நேரம் போட்டு, 'டிஸ்க் எரர்' என்று தாளில் அடித்துத் தள்ளும். மேனேஜர் வேணுகோபாலுக்குக் குற்றவாளியைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆபரேட்டர் வெயிலுகந்தம்மாள் எதிரிலேயே இருந்தாள்.

"நீ கண்ட பட்டனையும் தட்டுதே. நாளைக்கு மதுரையிலேருந்து இன்ஜினியர் வாராரு. உன் தப்புன்னு அவரு சொல்லிட்டா நீ வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான்."

வெயிலுகந்தம்மாள் அப்பாவிடம் மல்லுக்கட்டி வாங்கிய வேலை இது. வீட்டுக்குப் போனால் மாமன் மகன் தவசிக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். அவன் மூஞ்சியும் அவனும்!

பிரிண்டர் தாள்களை அள்ளிப்போட்டுப் பார்த்தாள். அத்தனை எரரும் வெள்ளிக்கிழமை, பூஜை முடிந்த கையோடு வந்தவை. வெள்ளிதோறும் டிஸ்க்குக்குச் சூடம் காட்டி, அதன் இரும்புக் காலிலேயே தேங்காய் உடைப்பவர் சாட்சாத் மேனேஜர்தான். அதில் உடைக்க வேண்டாமென்று முன்பே ஒருமுறை பக்குவமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். "சாமி காரியத்துல குத்தம் பாக்குதியா?" என்று பாய்ந்துவிட்டார். சரி, இருக்கட்டும் என்று கறுவிக்கொண்டாள்.

மறுநாள் புதன்கிழமை. கணக்கு முழுவதையும் முதலில் டேப்பில் நகல் எடுத்து வைத்தாள். இன்ஜினியர் செய்யது அலி உள்ளே வந்ததும் மேனேஜரிடம் பவ்யமாகக் கேட்டாள்.

"சார், இவிய மொத மொத வந்திருக்காவ. ஒரு காய் உடைச்சுட்டு ஆரம்பிக்கலாமே?"

மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் விலகிப்போய்ச் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேனேஜர் காயை ஓங்கி இரும்புக் காலில் ஒரு போடு போட்டார். கடகடவென்று பிரிண்டர் ஓடியது. டிஸ்க் எரர். டிஸ்க் எரர்.

செய்யது அலி கண்ணாடியில் தெறித்த தேங்காய்த் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு தாளைப் பார்த்தார். கட்டியிருந்த அவள் கைகளைப் பார்த்தார். பிறகு அந்த இரும்புக் காலைப் பார்த்தார். அவள் பழைய தாள்களை நீட்டினாள்.

"எல்லாம் வெள்ளிக்கிழமை, சார். புதன்ல இன்னைக்குத்தான் மொத தடவ."

"டிஸ்க்கு அடிபட்டிருக்குன்னு முதலாளிகிட்ட சொல்லிருதேன்" என்றார் செய்யது அலி மேனேஜரிடம். "அடிச்சது யாருன்னு கேப்பாவளே, என்ன சொல்லட்டும் அண்ணாச்சி?"

மேனேஜர் கைக்கொரு தேங்காய் மூடியோடு நின்றார். வெயிலுகந்தம்மாள் பூஜைத் தட்டை நீட்டினாள்.

"மூடிய இதுல வைங்க சார். சட்னிக்காவது ஆவும்."