மேலே வா, கடுகு

எங்கள் ஜனத்தில், மண்ணுக்குள் இறங்கி வேலை செய்தவர்களை வேலை முடிந்ததும் பேர் சொல்லிக் கூப்பிட்டு மேலே ஏற்ற வேண்டும். கிணறு தோண்டினாலும் சரி, சவக்குழி தோண்டினாலும் சரி. கூடப் பிறந்தவர்கள் மேலே நின்று "மேல வா" என்று கூப்பிட, கீழே இருப்பவர் ஏறி வந்து நின்று "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உடம்பு மட்டும்தான் வீட்டுக்கு வரும். நம்பாதவர்கள் நம்பாமல் போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

பழைய துரை பங்களாவுக்கு அடியில் அகழாய்வு செய்யப் பல்கலைக்கழகத்து டாக்டரம்மா வந்தபோது, முதலில் எங்கள் கூட்டத்தில் வந்து உட்கார்ந்து இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எங்கள் ஆட்களும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து தோண்டுவது, கிடைத்ததை அங்கேயே வரப்போகும் மியூசியத்தில் எப்படி வைப்பது என்று சேர்ந்தே முடிவு செய்வது என்று பேச்சு. பங்களாவின் நிலவறைக்கு மியூசியம்காரர்கள் ஏற்கெனவே 'துரையின் மது அறை' என்று போர்டு மாட்டியிருந்தார்கள். மதுவாம் மது! ரோடு போட வரமாட்டோம் என்ற எங்கள் ஆட்களைக் குடும்பத்தோடு துரை பூட்டி வைத்துச் சாகவிட்ட இடம் அது. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடப் பிறந்தவர்கள் ஒருத்தர்கூட வெளியே மிஞ்சவில்லை. உள்ளே இருந்தவர்களின் பேர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. சண்டை போட்டுப் போர்டைக் கழற்ற வைத்தோம். டாக்டரம்மா எங்கள் பக்கம்தான் நின்றார்.

அந்த நிலவறையில் தோண்டிய குழியில் என் தங்கை கடுகும் வேலை செய்தாள். பிறந்தபோது கைக்குள் அடங்கிவிடுவாள், அதனால் நான்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்துப் பேர் ஒன்று உண்டு, அதை யார் கண்டது? இப்போது ஆள் கதவு உயரம், வாய் அதைவிட நீளம். தினமும் சாயங்காலம் குழி விளிம்பில் நின்று "கடுகு, மேல வா!" என்று நான் கத்துவேன். "வந்துட்டேன், காது கிழியுது!" என்பாள்.

மியூசியத்தில் போடுவதற்காக, எல்லாரையும் இப்படிக் கூப்பிடுவதைப் பதிவு செய்யக் கேட்டார்கள். கூட்டத்தில் பேசிச் சரி என்றோம். கடுகுக்குத் தலைகால் புரியவில்லை. "என் குரல்தான் எடுப்பா இருக்கும். உன்னுது கழுதை கத்துற மாதிரி இருக்கும் பாருக்கா" என்று கிண்டல் வேறு.

மியூசியத்தைத் திறந்த நாளிலிருந்து பிடித்தது சனியன்.

அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று "வந்துட்டேன்" என்றாள். யாரும் கூப்பிடவில்லை. நானும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் குளிக்கும்போது சொன்னாள், தூக்கத்தில் சொன்னாள். சில நாளில் அதுவும் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை.

"ஏய் கடுகு! செவிடாடி நீ?" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் பார்த்த பார்வையில் கோபமும் இல்லை, விளையாட்டும் இல்லை. ஆனால் பின்கட்டிலிருந்து யாரோ "வந்துட்டேன்" என்றார்கள். ஆண் குரல், தொண்டையில் மண் அடைத்த குரல். ஓடிப்போய்ப் பார்த்தேன். துவைத்த துணிதான் கொடியில் கிடந்தது.

மறுநாள் காலையில் அவளை இழுத்துக்கொண்டு மியூசியத்துக்குப் போனேன். நிலவறைப் படிக்கட்டின் மேலே ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். என் குரல் கேட்டது. "கடுகு, மேல வா." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும், "கடுகு, மேல வா."

"இவ சொன்ன பதில் எங்கடா?" என்று ஒலிப்பதிவுக்காரனைப் பிடித்துக்கொண்டேன்.

"வெட்டிட்டோம்க்கா. மத்தவங்களைக் கூப்பிட்டதையும் நீக்கிட்டோம். ஒரே பேரு, பதிலே வராம இருந்தா கேக்குறவங்களுக்குச் சிலிர்க்கும்னு மேனேஜர் சொன்னாரு."

"அடப்பாவிகளா! ஆள் இல்லாத குழியைப் பாத்து நாள் பூரா என் தங்கச்சியைக் கூப்பிட்டுட்டு இருக்கீங்களேடா!"

சத்தம் கேட்டு டாக்டரம்மா ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் ஒலிப்பதிவுக்காரன் பக்கம் திரும்பினார். "இதை என்கிட்ட யாரும் காட்டவே இல்ல. முதல்ல நிறுத்துங்க."

"நிறுத்தாதீங்க" என்றாள் தங்கை.

அவள் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். கீழிருந்து பாதிப் படிவரை ஈர மண்ணில் வெறுங்கால் தடங்கள், எல்லாம் மேல் நோக்கி. சிலது குழந்தைக் கால்கள். தினமும் பெருக்குகிறோம், தினமும் வருகிறது என்றான் ஒலிப்பதிவுக்காரன்.

"பாதியில நிக்கிறாங்கக்கா. அவங்களை இதுவரைக்கும் யாருமே கூப்பிட்டதில்லல்ல. கேட்ட பேரைப் புடிச்சுக்கிட்டு ஏறி வர்றாங்க. இப்ப நிறுத்தினா மறுபடியும் உள்ளயே போயிடுவாங்க."

"அதுக்கு உன் பேருதான் கிடைச்சுதா? அப்புறம் உன்னை நான் எப்படிடி கூப்பிடுவேன்?"

"நீ வச்ச பேருதானே. வேற ஒண்ணு வை."

கெஞ்சினேன், திட்டினேன், கையை ஓங்கினேன். பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பிடித்த பிடிதான். "போடி மிளகு!" என்று அழுதுகொண்டே கத்தினேன். உடனே திரும்பிப் பார்த்தாள். "நல்ல மாத்தம்தான் போ" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்ன ஜென்மமோ நான்.

தடங்கள் கடைசிப் படியைத் தாண்டும்வரை டாக்டரம்மா ஒலிபெருக்கியை ஓடவிட்டார். மேனேஜர் கேட்டதற்கு, கூட்டாக எடுத்த முடிவு என்று சொல்லிவிட்டார். ஒருநாள் காலையில் மண் தடம் மியூசியத்து வாசல்வரை போயிருந்தது. அன்றைக்கு நிறுத்தினார்கள்.

அம்மாவிடம் மட்டும் படித்துப் படித்துச் சொன்னோம், பழைய பேரை வாயில் எடுக்காதே என்று. "பெத்தவ நாக்கு, அதுக்கு வேற என்ன வரும்?" என்று முணுமுணுத்தாலும் சமாளித்துக்கொண்டுதான் இருந்தாள். நேற்றுச் சாயங்காலம் சோறு போட்டு வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில், "கடுகு, சாப்பிட வா!" என்று கூப்பிட்டுவிட்டாள்.

"வந்துட்டேன்" என்றது வாசலில் ஒரு குரல். இன்னொரு குரல். ஒரு கிழவரின் இருமல். அதன் பின்னால் ஒரு குழந்தை, ஓடி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "வந்துட்டேன்."

அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள் என் தங்கை. தலையை நிமிர்த்தவே இல்லை. அம்மா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "அடியே, உன்னைத்தான்டி. கடுகு! என் கடுகுல்ல நீ?"

"யாரும்மா அது?" என்று தங்கை அக்கறையாகக் கேட்டாள். "வாசல்ல நிக்கிறாங்களே, அவங்கள்ல ஒருத்தரா?"