இன்னொரு குவளை உப்புநீர்

என் வீட்டுக்காரர் செத்ததற்கு முதலாளி சொன்ன காரணம் கவனக்குறைவு. சாவு வீட்டிலும் அதைத்தான் சொன்னார். வேன் ஓட்டுபவரிடமும், பாட்டிலுக்கு மூடி மாட்டுகிற அக்காவிடமும் அதைத்தான் சொன்னார். பிறகு, "தங்கச்சி, அவன் இடத்துல நீ வந்து நில்லு" என்றார். போய் நின்றேன். வயிற்றுக்காக மட்டும் இல்லை.

பாத்திரம் துலக்கும் லிக்விட், கழிவறை ஆசிட், பிளீச் எல்லாம் ஒரே கொட்டகையில் தயாராகும். மிஞ்சிக் கிடந்த ஆசிட்டையும் பிளீச்சையும் கழுவும் அறையில் ஒரே குழியில் ஊற்றச் சொன்னது முதலாளிதான். ரெண்டும் சேர்ந்தால் மூச்சடைக்கிற வாயு கிளம்பும் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். இடம் காலியாகணும், ஊத்து என்றாராம் முதலாளி. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆஸ்பத்திரியில் வெந்த தொண்டையோடு இதையெல்லாம் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் முடித்தது இப்படி: "ஊத்துன்னாரு. ஊத்தினேன்." அந்த உத்தரவைக் கேட்க இன்னொரு காது அங்கே இல்லை. என் சொல் அம்பலம் ஏறவில்லை.

வீட்டில் நான் பாத்திரம் துலக்கும்போது அவர் தொழில் பேசுவார். சோப்புத் துகளுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். தண்ணீரில் விட்டால் வால்களை உள்ளே ஒளித்துக்கொண்டு உருண்டை உருண்டையாகச் சேரும். எண்ணெய்ப் பிசுக்கு அகப்பட்டால் அதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். உப்பு சேர்த்தால் அந்த உருண்டைகள் புழு மாதிரி நீண்டு ஒன்றோடொன்று சிக்கும். அப்படித்தான் லிக்விட் கெட்டியாகிறது. உப்பு மிஞ்சினால் சிக்கல் விட்டுப்போய் தண்ணீராகிவிடும். "சொந்தக்காரங்க மாதிரிதான். அளவா இருந்தா பின்னிக்குவாங்க, மிஞ்சினா மூஞ்சியத் திருப்பிக்குவாங்க" என்பார்.

முதலாளிக்கு இதில் முன்பாதிதான் தெரியும். இன்னும் உப்பு போடு, இன்னும் போடு என்று தொணதொணப்பார். என் வீட்டுக்காரர் ஆகட்டும்ணே என்று சொல்லிவிட்டு, உப்புநீர் ஊற்றாமலே குவளையைக் கவிழ்த்து வைத்துவிடுவார். நானும் பல மாதம் அப்படியே செய்தேன். என்மேல் நம்பிக்கை வரவேண்டுமே.

பெரிய விடுதிகளுக்குச் சரக்கு எடுக்கும் வியாபாரி ஒருநாள் வந்தார். அவரை நம்பி முதலாளி புதுக் கொட்டகைக்கு அஸ்திவாரமே போட்டிருந்தார். வியாபாரி தொட்டியில் ஒரு கரண்டி அள்ளி ஒழுகவிட்டுப் பார்த்தார். தேன் போல இறங்கியது. நல்லாத்தான் இருக்கு என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். முதலாளிக்கு வாய் சும்மா இருக்குமா? இன்னும் கெட்டியாக்கிக் காட்டுகிறேன் பாருங்கள் என்று என்னைக் கைகாட்டினார்.

உப்புநீர்க் குவளையை எடுத்தேன். மோட்டார் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டேன்.

"ஊத்தட்டுமாண்ணே?"

"ஊத்து."

ஊற்றினேன். மறுபடி நிரப்பினேன். மூடி அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொரு குவளையும் ஊத்தட்டுமா?"

"எத்தனை தடவ கேப்பே? ஊத்தும்மா."

வியாபாரி மறுபடி அள்ளினார். குழாய்த் தண்ணீர் மாதிரி கொட்டியது. சோப்புப் பசை கொஞ்சம் சேர்த்திருந்தால் மீட்டிருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை.

"கவனமில்லாம இப்படிப் பண்ணிட்டா பாருங்க" என்று முதலாளி ஆரம்பித்தார். அதே சொல்.

வியாபாரி கரண்டியைத் தொட்டி விளிம்பில் வைத்தார். "நீங்கதானே ஊத்தச் சொன்னீங்க? நான் பக்கத்துலதானே நிக்கறேன்" என்றார். ஆமாம், ரெண்டு தடவை சொன்னார் என்றாள் மூடி அக்கா, யாரும் கேட்காமலே.

வியாபாரியின் வண்டி போனபிறகு முதலாளி தொட்டியருகே உட்கார்ந்துவிட்டார். அவன் இருந்தவரைக்கும் ஒருதடவைகூட இப்படி ஆனதில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நான் குவளையைக் கழுவிக் கவிழ்த்தேன்.

"அவர் நீங்க சொன்னதக் கேக்க மாட்டார்ணே. ஒரே ஒரு தடவதான் கேட்டார்."

மூடி அக்காவின் கை நின்றது. "எப்போ?" என்றாள்.

முதலாளி தலையைத் தொங்கப்போட்டார். அவரே சொல்லட்டும் என்று நான் நின்றேன். எனக்கு அவசரமில்லை.