ஓடிக்கொண்டிருந்த பதிவு

மஹாலட்சுமி ஹெட்போனைக் கழற்றியதும், அவள் கணவர் குமரகுருவின் தலை சாய்ந்து அவள் இடுப்பில் முட்டி நின்றது. காபி டம்ளர் இன்னும் அவள் இடது கையில்தான் இருந்தது. ஹெட்போனுக்குள்ளிருந்து அவர் பதிவு செய்துகொண்டிருந்த சத்தம் மெலிதாக வந்துகொண்டிருந்தது.

"என்னாங்க," என்றாள். "இங்க பாருங்க. என்னாங்க."

பிறகு கத்தினாள்.

பக்கத்து வீடுகளில் தறிகள் நின்றன. ஆட்கள் ஓடிவந்து அவரை நாற்காலியிலிருந்து தூக்கினார்கள். அப்போது, "ஒயரு! ஒயர மிதிச்சிடாதீங்க!" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. கால் பக்கம் பிடித்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். என்ன சொன்னோம் என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

தெருமுனை டாக்டர் வந்து அவர் இமையை விலக்கிப் பார்த்தார். "ஹார்ட்தான். தூக்கத்துல போற மாதிரி போயிருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் குளித்து நீறு பூசிக்கொண்டு அவர் சொன்னது அவளுக்குக் காதிலேயே இருந்தது. "இன்னிக்கு நாலாவது பாகம். இதோட ஆல்பம் முடிஞ்சிது. வெளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் ஓடணும். நடுவுல நின்னுதுன்னா அவ்ளோதான், மறுபடி அதே மாதிரி வராது."

குமரகுரு தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். விருப்ப ஓய்வு வாங்கி வந்தபின், பிள்ளையார்பாளையத்து வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து தானே சாலிடர் வைத்து ஒலிப்பெட்டிகள் செய்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சத்தம். சூடு ஏற ஏற அது தன்னால் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஒரு பெட்டியின் ஒயரை இன்னொன்றில் செருகினால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. மணிக்கணக்கில் ஓடும் அதுதான் அவருடைய இசை. அது ஓட ஓட கம்ப்யூட்டரில் அப்படியே பதிவு செய்வார். இணையத்தில் அவர் போட்டிருந்த ஒன்றைக் கேட்டுவிட்டு, இந்த மாதிரி இசையை வெளியிடும் கலைவாணி என்ற பெண் பெங்களூரிலிருந்து பேசினாள். அப்படி ஆரம்பித்த ஆல்பம். மூன்று பாகம் முடிந்திருந்தது. நாலாவதை முன்பு ஒரு தடவை தொடங்கி, பாதியில் கரண்ட் போய், அன்று முழுக்க அவர் யாரிடமும் பேசவில்லை.

மஹாலட்சுமி ஒரு பாகத்தையும் உட்கார்ந்து கேட்டதில்லை. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் குடியிருக்கிற மாதிரி இருக்குது என்று தங்கையிடம் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அவரைத் தூக்கியபோது ஹெட்போன் ஒயர் பிடுங்கிக்கொண்டு, சத்தம் ஸ்பீக்கருக்கு மாறியிருந்தது. தறிகளும் நின்றுவிட்டதால் கூடம் முழுக்க அது கேட்டது.

"அது இன்னா சத்தம்? யாராவது போயி நிறுத்துங்கபா" என்றார் கைலாசம். குமரகுருவின் அண்ணன். அழுது அழுது அவர் குரல் கம்மியிருந்தது.

"வேணாம் மாமா."

"சாவு வூடும்மா இது."

"தெரியும் மாமா. அவரு வேல அது. இன்னும் முடியல."

கைலாசம் பக்கத்திலிருந்தவரிடம், "அதிர்ச்சி" என்று மட்டும் சொன்னார்.

மகள் அனு ஐதராபாத்திலிருந்து வர வேண்டும். பிற்பகலாகிவிடும் என்பதால் ஐஸ் பெட்டிக்குச் சொல்லியிருந்தார்கள். அதைக் கொண்டுவந்த வீரபத்திரன் சுவரில் மெயின் பெட்டியைத் தேடினான்.

"தனி லைன் எடுக்கணும்கா. மெயின ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணிக்கிறேன்."

"ஆஃப் பண்ணக் கூடாது."

"ஒரு நிமிஷம்தான்கா."

"அர நிமிஷம்கூட கூடாதுபா."

அவள் எழுந்துபோய் மெயின் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வீரபத்திரன் கைலாசத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"பக்கத்து வூட்லருந்து இழுத்துக்கறேன்" என்று தானே சொன்னான். ஜன்னல் வழியாக ஒயர் வந்தது. ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

சற்று நேரத்தில் பின்னறையில் குமரகுருவின் போன் அடித்தது. மஹாலட்சுமி ஓடிப்போய் எடுத்தாள்.

"சார், ஆரம்பிச்சிட்டீங்களா?" சிரித்த குரல். கலைவாணி.

"ஆரம்பிச்சிட்டாரு. ஓடிக்கினு இருக்குது."

"மேடமா? சார் பிஸியா?"

சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அந்தப் பக்கம் அழுகை கேட்டது.

"நிறுத்திடுங்கம்மா. இதெல்லாம் ஒண்ணுமே இல்ல இப்போ. ஸ்கிரீன்ல சதுரமா ஒரு பட்டன் இருக்கும்…"

"எப்பிடி நிறுத்தறதுன்னு நான் கேக்கல. நிக்காம எப்பிடிப் பாத்துக்கறது? அதச் சொல்லும்மா."

கலைவாணி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சிவப்பு வட்டம் தெரியுதா? எண்கள் ஓடுதா? அப்ப சரி. மீட்டர்ல முள் இருக்கும். அது சிவப்புப் பக்கம் போச்சுன்னா சத்தம் கிழிஞ்சிடும், அப்ப அதே பெட்டியில வலது ஓரத்துப் பெரிய குமிழை இடது பக்கம் திருப்பணும். மெதுவா. கேக்கறவங்களுக்குத் தெரியாத மாதிரி மெதுவா."

அதன்பிறகு அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோதும் அவள் காது பின்னறையில்தான் இருந்தது. ஒருத்தி வந்து கட்டிக்கொண்டு ஓலமிட்டால், அந்த ஓலம் எப்போது ஓயும் என்று காத்திருந்தாள். மின்விசிறி ஒரு கணம் மெதுவானதுபோல் தோன்றினால் கரண்ட் போகிறதோ என்று நிமிர்ந்து பார்த்தாள். பாதிப் பேச்சில், பாதி அழுகையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஓடுகிறது. இன்னும் ஓடுகிறது.

வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்த நேரத்தில் சத்தம் தடிக்கத் தொடங்கியது. அவள் எழுந்தாள்.

"எங்க போற லட்சுமி?" என்றாள் கைலாசத்தின் மனைவி தில்லையம்மாள். "இப்ப எழுந்து போலாமா?"

பின்னறைக்குப் போனாள். முள் சிவப்பில் கிடந்து துடித்தது. குமிழைப் பிடித்து மெதுவாக இடது பக்கம் திருப்பினாள். முள் நகரவில்லை. இன்னும் கொஞ்சம். முள் மெல்ல இறங்கியது.

"அம்மா."

வாசற்படியில் அனு, தோளில் பையோடு.

"அப்பா அங்க படுத்துனு இருக்காரு. நீ இங்க இன்னாமா பண்ற?"

"முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சி."

"என்னது?" அனுவின் முகம் கோணியது. "மொதல்ல இத ஆஃப் பண்ணு நீ!" சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

மஹாலட்சுமி அவள் கையை எட்டிப் பிடித்தாள். வளையல் பதிந்து அனுவுக்கு வலித்திருக்கும்.

"அப்பாவோட கடைசி பாகம். அவரு பாதியில போயிட்டாரு, இது போவல" என்றாள் மஹாலட்சுமி. "நீ போயி அப்பாவப் பாரு. போ கண்ணு."

அனு போனாள். அவள் அழுவது பின்னறை வரை கேட்டது. மஹாலட்சுமி ஒரு கையைக் குமிழில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

மாலை ஆகும் முன் எடுக்க வேண்டும் என்றார்கள். வாய்க்கரிசி போட அவளைக் கூப்பிட்டார்கள். அவள் முள்ளைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடி முள்ளைப் பார்த்தாள். யாரோ இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். அப்போது அனு உள்ளே வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நான் போட்டுட்டேன். நீ போம்மா. எந்தக் குமிழு?"

காட்டினாள். போனாள்.

ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனபின் தில்லையம்மாள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவ ஆரம்பித்தாள். கூடத்துத் தண்ணீர் பின்னறையை நோக்கி நகர்ந்தது. அங்கே தரை முழுக்க ஒயர்கள்.

"அக்கா, அந்த ரூமு வேணாம்!"

"உசுரு போன எடமே அதுதானடி. கழுவாம வுட்டா எப்பிடி?"

மஹாலட்சுமி கொடியிலிருந்து அவர் லுங்கியை இழுத்து, முறுக்கி, பின்னறை வாசலில் குறுக்கே போட்டாள். தண்ணீர் வந்து முட்டியது. துணி நனைந்து கறுத்தது. அதைத் தாண்டவில்லை. அவள் ஒரு கை தண்ணீரை அள்ளி வாசற்படி மேல் தெளித்தாள்.

"போதும்கா. இதோட போதும்."

தில்லையம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு மஹாலட்சுமி பின்னறைக்கு வந்தபோது ஜன்னலில் வெளிச்சம் குறைந்திருந்தது. அனு கலைவாணியோடு போனில் இருந்தாள்.

"இது எப்ப முடியும்னு கேட்டேம்மா. அவங்களுக்கும் தெரியல. முடியும்போது எனக்குத் தெரியும்னுதான் அப்பா சொல்வாராம். நாமளா நிறுத்தினாத்தான் உண்டாம்."

மஹாலட்சுமி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல்தடவையாக அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அதற்குள் ஒரு அசைவு இருந்தது. காலையிலிருந்தே இருந்திருக்க வேண்டும். எழும்பி, அடங்கி, மறுபடி எழும்பி. இரண்டு சத்தங்கள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன. நெருங்க நெருங்க அசைவு மெதுவானது. ஒரு எழும்பலுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

"நிறுத்திடலாமாம்மா?"

"இரு."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள். அசைவு ஒருமுறை எழும்பியது. அடங்கியது. அடுத்தது வரவில்லை. இரண்டும் ஒரே சத்தமாகி, அலையில்லாமல், நேராக நின்றது.

கூடத்தில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த தில்லையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "நின்னுடுச்சா லட்சுமி?"

"இல்லக்கா. ஓடிக்கினுதான் இருக்குது."

இன்னும் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அவள் திரையிலிருந்த அந்தச் சதுரப் பட்டனை அழுத்தினாள். எண்கள் நின்றன. அனு போனில் கலைவாணியிடம் எதையோ கேட்டு, திரையில் எதையோ அழுத்தினாள். "சேவ் ஆயிடுச்சிம்மா" என்றாள்.

பெட்டிகள் மட்டும் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தன.

"இதுங்கள எப்பிடிம்மா ஆஃப் பண்றது?"

மஹாலட்சுமிக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த பெட்டியின் தகர மூடி மேல் உள்ளங்கையை வைத்தாள். இதமான சூடு இருந்தது.

"இருக்கட்டும் வுடு" என்றாள். "அப்பறம் பாத்துக்கலாம்."

கையை எடுக்கவில்லை.