நாற்பதடிக் கண்டெய்னர்

நாற்பதடிக் கண்டெய்னர்தான் வேண்டும் என்று அய்யாதுரை சொன்னபோது, அதற்குள் என்ன போகப்போகிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. செந்தூர்பாண்டி மகனுக்குப் போனது இருபதடி. அது மட்டும் தெரியும்.

செந்தூர்பாண்டி அதே தெருவில் எண்ணெய் மில் வைத்திருப்பவர். போன வருஷம் அவர் மகன் கனடாவுக்குக் குடிபோனான். வீட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு இருபதடிக் கண்டெய்னர் ஒன்று கழுத்தில் மாலையோடு விருதுநகர் பஜாரைச் சுற்றிவிட்டுத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போயிற்று. அய்யாதுரையும் வாசலில் நின்று கையசைத்தார். அசைத்த கை அன்று முதல் வலித்தது.

இப்போது அவர் மகன் மணிகண்டராஜுக்கு நியூசிலாந்தில் வேலை. அவன் முன்னாலேயே போய் ஆக்லாந்தில் வீடு பிடித்துவிட்டான். மருமகள் ஸ்ரீமதி சாமானை அனுப்பிவிட்டு அடுத்த வாரம் விமானம் ஏற வேண்டும்.

"மாமா, அங்கன எடுத்திருக்கது ரெண்டு ரூம் வீடு. கட்டில், சோபா எல்லாம் வீட்டுக்காரரே போட்டிருக்காராம். கொஞ்சமா அனுப்புனாப் போதும் மாமா."

"கொஞ்சமா அனுப்பவா நான் இம்புட்டுப் பெரிய பட்டாசுக் கம்பெனி நடத்துதேன்? எடம் பத்தலன்னா ரெண்டு ரூமுக்கும் நடுவுல நடை இருக்கும்ல, அங்கன அடுக்கி வை."

"இருபதடின்னாக்கூட..."

"இருபதடியா? அதுக்கு என் மகன் இங்கனயே கெடக்கட்டும்."

அய்யாதுரையின் மனைவி தங்கத்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தார். "நீ ஏம்மா வாயக் குடுக்க? ஒங்க மாமாவுக்கு மகன் போறது பெருசில்ல. கண்டெய்னர் போறதுதான் பெருசு."

அதில் பொய்யில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் 'கண்டெய்னர் வழியனுப்பு விழா' என்று சிவகாசியில் பத்திரிகையே அடித்தாயிற்று. தங்க எழுத்து, ஐந்து கலர். நடுவில் கண்டெய்னர் படம். மகனையும் போட வேண்டும் என்பது அச்சுக்குப் போகிற சமயத்தில்தான் ஞாபகம் வந்ததால், மணிகண்டராஜ் மூலையில் தபால்தலை அளவுக்கு நின்று சிரித்தான்.

மகனும் மருமகளும் சென்னையில் குடியிருந்த வீட்டுச் சாமான் ஒரு குட்டியானை வண்டியில் வந்து இறங்கியது. மொத்தமே அவ்வளவுதான். அய்யாதுரை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாற்பதடியில் இதைப் போட்டால் கல்யாண மண்டபத்தில் ஒற்றை ஆள் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கும். உடனே பஜாருக்கு ஆள் போயிற்று. தட்டு, தம்ளர், கரண்டி, தலையணை, போர்வை, துண்டு என்று எதை வாங்கினாலும் அறுநூற்றுக்குக் குறையாமல் வாங்கினார். பாத்திரக்கடைக்காரர் "அன்னதானமா அண்ணாச்சி?" என்று கேட்டார். "மகன் தனிக்குடித்தனம் போறான்" என்றார் இவர். கல்யாணத்துக்கு வந்து பரணில் கிடந்த சுவர்க்கடிகாரங்கள் நாற்பத்தொன்றும் இறங்கின.

சாமானைக் கட்டுவதற்கு மதுரையிலிருந்து பாக்கிங் கம்பெனிக்காரர்கள் வருகிறோம் என்றார்கள். அய்யாதுரைக்குச் சிரிப்பு வந்தது. பாக்கிங் என்றால் இந்த வட்டாரத்துக்கு மேல் யாருக்கு என்ன தெரியும்? தீபாவளி முடிந்து சீசன் ஓய்ந்திருந்தது. அவருடைய தங்கம் பயர்ஒர்க்ஸின் பாக்கிங் செக்சன் பெண்கள் பதினெட்டுப் பேரும், அவர்களுக்கு மேஸ்திரி பொன்மணியும் ஆமத்தூர் பேக்டரியிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். கூடவே மிச்சம் கிடந்த அட்டைப்பெட்டிகளும் வந்தன.

பெண்கள் வரிசையாக நின்றதும் அய்யாதுரையின் வாய் தானாகத் திறந்துகொண்டது. வருஷா வருஷம் சீசன் தொடங்குகிற அன்று பேக்டரியில் அவர் பேசுகிற பேச்சு ஒன்று உண்டு. பதினேழு வருஷமாக ஒரே பேச்சு. பெண்கள் வரிசையாக நின்றால் அது வந்துவிடும்.

"எல்லாப் பெட்டியிலயும் எல்லா அயிட்டமும் இருக்கணும். ஒரு பெட்டியப் பிரிச்சவன் இன்னொரு பெட்டியப் பாத்து ஏங்கக் கூடாது. ஒண்ணுல கூட, ஒண்ணுல கொறச்சல்ங்கிற பேச்சே வரக் கூடாது. தங்கம்னா நிறைவு!"

பெண்கள் வழக்கம்போலக் கை தட்டினார்கள். பொன்மணிக்கு மட்டும் லேசாக ஒரு சந்தேகம். "மொதலாளி, வீட்டுச் சாமானையும் தீபாவளி வெடி கிஃப்ட் பாக்ஸ் மாதிரியா கட்டச் சொல்லுதீக?"

"சாமான் எதுவா இருந்தா என்ன? நமக்குன்னு ஒரு முறை இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டு, வாசலில் கட்டுகிற பிளெக்ஸ் நேராக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

முறைப்படியே நடந்தது. பெட்டிக்கு ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு கரண்டி, ஒரு தலையணை, ஒரு போர்வை, ஒரு துண்டு. இடது கால் செருப்பு ஒன்றாம் நம்பர் பெட்டியில் என்றால் வலது கால் இரண்டில். மிக்ஸி ஒரு பெட்டிக்கும் அதன் ஜார்கள் மூன்று பெட்டிகளுக்கும் போயின. கல்யாண ஆல்பத்தைத் தையல் பிரித்துப் பெட்டிக்கு ஒரு பக்கம் வைத்தார்கள். தாலி கட்டுவது நூற்றுப் பன்னிரண்டில், பந்தி நூற்றுப் பதின்மூன்றில். கடிகாரம் நாற்பத்தொன்றுதான் இருந்ததால், அவை விழுந்த நாற்பத்தொரு பெட்டிகளுக்கும் 'டீலக்ஸ்' என்று தனிச் சீட்டு ஒட்டினாள் பொன்மணி. கடைசியாக ஒவ்வொரு பெட்டியிலும், கை பழகிப்போன படியால், 'பெரியவர்கள் முன்னிலையில் மட்டும் பற்றவைக்கவும்' என்ற துண்டுச் சீட்டையும் போட்டு மூடினார்கள். மொத்தம் அறுநூற்றிருபது பெட்டி.

வியாழக்கிழமை மத்தியானம் கண்டெய்னரோடு விக்னேஷ்குமார் வந்தார். தூத்துக்குடியில் கப்பல் சரக்கு ஏஜென்ட். வந்ததும் சாமான் லிஸ்ட்டைக் கேட்டார். பொன்மணி ஒரு துண்டுத்தாளை நீட்டினாள்.

"என்னக்கா, ஆறு வரிதான் இருக்கு?"

"அம்புட்டுத்தான்."

"ஒண்ணாம் நம்பர் பெட்டியில என்ன இருக்கு, ரெண்டாம் நம்பர்ல என்ன இருக்குன்னு தனித்தனியா எழுதணும்க்கா."

"ஒண்ணுல இருக்கதுதான் ரெண்டுலயும் இருக்கு. அறுநூத்தி இருபதுலயும் அதுதான். டீலக்ஸ்ல மட்டும் ஒரு அயிட்டம் கூட."

விக்னேஷ்குமார் பெட்டிகளை மூடியிருந்த தார்ப்பாயை விலக்கினார். பெட்டிகளின் மேல் சிவப்புச் சுவாலைக்கு நடுவே கொட்டை எழுத்தில் 'அணுகுண்டு' என்று போட்டிருந்தது. அடுத்த அடுக்கும் அணுகுண்டு. அதற்கடுத்தது சரவெடி. குனிந்து ஒரு பெட்டியில் காதை வைத்தார். உள்ளே டிக் டிக் என்றது. மேற்கொண்டு பேச்சையெல்லாம் அவர் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டுதான் பேசினார்.

"அண்ணாச்சி! உள்ள என்னமோ ஓடுது!"

"கடிகாரம்தான்" என்றாள் பொன்மணி. "செக் பண்ணாம எங்க செக்சன்ல எதையும் கட்டுறதில்ல. பாட்டரி போட்டு, ஓடுதான்னு பாத்துட்டுத்தான் கட்டுனோம்."

"வெளிய அணுகுண்டுன்னு எழுதியிருக்கு. உள்ள டிக் டிக்னு கேக்கு. இத எந்தத் துறைமுகத்துல அண்ணாச்சி உள்ள விடுவாக? எழுத்து இல்லாத பெட்டியில மாத்துங்க."

"இந்த ஜில்லாவுல எழுத்தில்லாத பெட்டிக்கு நான் எங்கன போவேன்?" என்றார் அய்யாதுரை. அதுவும் நியாயம்தான். அச்சடிக்காமல் விட்ட அட்டை அந்தப் பக்கத்தில் எவனும் கண்டதில்லை.

"பெட்டியப் பிரிச்சு உள்பக்கத்த வெளிப்பக்கமாத் திருப்பி ஒட்டிரலாம் மொதலாளி" என்றாள் பொன்மணி. "ரெண்டு நாள் ஆகும்."

விழாவோ விடிந்தால். பத்திரிகை ஐந்நூறு வீட்டுக்குப் போயாயிற்று. அய்யாதுரை மீசையைத் தடவினார்.

"காலைல விழா நடக்கட்டும். பஜாரத் தாண்டுனதும் வண்டி சிவகாசி ரோட்டுல திரும்பி ஆமத்தூர் பேக்டரிக்குப் போயிரட்டும். அங்கன வச்சுத் திருப்பிக் கட்டி ஞாயித்துக்கெழம ஒங்க யார்டுக்கு அனுப்பிருதேன். யாருக்குத் தெரியப் போகுது?"

மறுநாள் விழா குறைவில்லாமல் நடந்தது. மேளம், பூசணிக்காய், கண்டெய்னருக்கு ஆளுயர மாலை. கதவோரம் கண்ணில் பட்ட வரிசைக்கு மட்டும் தங்கத்தாயின் பட்டுச்சேலை ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். "உள்ள என்னல்லாம் இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "எல்லாம் இருக்கு" என்றார் அய்யாதுரை. கதவு நிறைய அடுக்கியிருந்ததை செந்தூர்பாண்டி ரொம்ப நேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது. அய்யாதுரைக்கு ஒரு வருஷத்துக் கைவலி இறங்கியது.

கதவைச் சாத்துகிற சமயத்தில்தான் செந்தூர்பாண்டி வாயைத் திறந்தார். "அண்ணாச்சி, துறைமுகம் வரைக்கும் நானும் வந்து வழியனுப்புதேன். மருமகளும் எங்கார்லயே வரட்டும். சாமான் யாரு பேருல போகுதோ அவுக அங்கன வந்து கையெழுத்துப் போடணும். எங்களுக்குத் தெரியாதா? அனுப்புனவுகள்லா!"

"ஒங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி சிரமம்?"

"சிரமம் என்ன சிரமம். நாற்பதடி என்ன தெனமுமா போகுது?"

லாரியின் முன்பக்கத்தில் டிரைவர் முனியராஜ், நடுவில் பொன்மணி, ஓரத்தில் அய்யாதுரை. பின்னாலேயே செந்தூர்பாண்டியின் வெள்ளைக் கார்.

"மொதலாளி, சிவகாசி ரோடு வருது."

"தெரியுது."

"பின்னால காரும் வருது."

"அதுவுந் தெரியுது."

முனியராஜ் சொல்லிவைத்தபடி சிக்னல் விளக்கைப் போட்டார். உடனே பின்னாலிருந்து ஹாரன் அலறியது. செந்தூர்பாண்டி ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே விட்டு, "அண்ணாச்சி! தூத்துக்குடி நேரா! டிரைவரு வழி தப்புதாரு!" என்று கத்தினார்.

"ஏலே, நேரா விடுலே!" என்றார் அய்யாதுரை.

"திரும்பிப் பாத்துக் கும்பிடு போடுங்க மொதலாளி" என்றாள் பொன்மணி. "அம்புட்டு அக்கறையா வழி சொல்லுதாக."

சாத்தூரில் டீக்கு நிறுத்தினார்கள், சலித்துப்போய்த் திரும்பிவிடுவார் என்று. அவர் எல்லோருக்கும் காராச்சேவு வாங்கிக் கொடுத்தார். கோவில்பட்டியில் டயரில் காற்றுக் குறைகிறது, நேரமாகும், நீங்கள் கிளம்புங்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள். செந்தூர்பாண்டி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அத்தனை சக்கரத்தையும் ஒன்றொன்றாக உதைத்துப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு, போகலாம்" என்றார்.

தூத்துக்குடியில், கண்டெய்னர்கள் அடுக்கியிருந்த யார்டு வாசலில் விக்னேஷ்குமார் லாரியைப் பார்த்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு ஓடிவந்தார். "அண்ணாச்சி, ஞாயித்துக்கெழமன்னுல்லா..."

"வெள்ளிக்கெழம நல்ல நாளு" என்றார் அய்யாதுரை பல்லைக் கடித்துக்கொண்டு.

அதற்குள் வாட்ச்மேன் கண்டெய்னர் கதவைத் திறந்துவிட்டார். பட்டுச்சேலை நழுவிக் கீழே விழுந்தது. அடிமுதல் உச்சிவரை அணுகுண்டு.

செந்தூர்பாண்டி ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். "அண்ணாச்சி... வீட்டுச் சாமான்னு சொல்லிட்டு வெடியவா அனுப்புதீக?"

வெடி என்று ஒப்புக்கொண்டால் போலீஸ் வரும். வெடியில்லை என்றால் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். திறந்தால் ஒற்றைச் செருப்பு. அய்யாதுரை போலீஸையும் செருப்பையும் சற்று நேரம் எடைபோட்டுப் பார்த்தார்.

"தொறந்து காட்டு பொன்மணி."

பொன்மணி இரண்டு பெட்டிகளை இறக்கித் தரையில் பரப்பினாள். தட்டு, தம்ளர், கரண்டி, தலையணை, போர்வை, துண்டு. இந்தப் பெட்டியில் இடது செருப்பு, அந்தப் பெட்டியில் வலது. பற்றவைக்கும் முறை பற்றிய சீட்டு இரண்டு. செந்தூர்பாண்டி ஒன்றையும் விடாமல் பார்த்தார். வாட்ச்மேன் சீட்டை எடுத்துச் சத்தமாகப் படித்துவிட்டுத் தலையணையைச் சந்தேகத்தோடு அமுக்கினார்.

ஸ்ரீமதி மட்டும் குத்தவைத்து உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். "ரெண்டு தட்டு, ரெண்டு தம்ளரு, ரெண்டு தலகாணி... மாமா! ஆளுக்கொரு பெட்டி. அங்கன எங்களுக்கு வேண்டியது இதுல முழுசா இருக்கு. நான் மொதல்லருந்து சொல்லிட்டிருந்தது இதத்தான் மாமா. இது போதும்."

"அப்ப சோலி முடிஞ்சது" என்றார் விக்னேஷ்குமார், உயிர் வந்தவராக. "இந்த ரெண்டு பெட்டிய மட்டும் திருப்பி ஒட்டுனா அவுக விமானத்துலயே கொண்டு போயிரலாம். கண்டெய்னரே வேண்டாம் அண்ணாச்சி."

"கண்டெய்னர் போகும்" என்றார் அய்யாதுரை.

"எதுக்கு?"

"ஐந்நூறு வீட்டுக்குச் சொல்லி வழியனுப்பியிருக்கேன். போகாம இருந்தா எப்படி? மத்த பெட்டிய இங்கன எறக்கிருங்க, ராவோட ராவா ஆமத்தூருக்குத் திரும்பிரும். கண்டெய்னர் நியூசிலாந்துக்குப் போகும்."

"காலியாவா?"

"காலின்னு எவன் சொன்னான்? ரெண்டு பெட்டி இருக்குல்ல?"

செந்தூர்பாண்டி சிரிப்பார் என்று அய்யாதுரை தலையைக் குனிந்தபடி காத்திருந்தார். சிரிப்பு வரவில்லை. செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. செந்தூர்பாண்டி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"அண்ணாச்சி, கயிறு போட்டு ஓரமாக் கட்டிருங்க."

"என்னது?"

"பெட்டிய. எங்களுதுல கட்டாம விட்டுட்டோம். கனடா போற வரைக்கும் உள்ளுக்குள்ளயே அங்கிட்டும் இங்கிட்டும் ஓடி, போய்ச் சேந்தப்ப ஒரு பெட்டிகூடப் பெட்டியா இல்லன்னு மகன் அழுதான்."

அய்யாதுரை மெதுவாக நிமிர்ந்தார். "எத்தன பெட்டி?"

"அஞ்சு. அதுல ஒண்ணு ஊறுகா."

அய்யாதுரை நாற்பதடியின் உள்ளே ஒரு தடவை பார்த்தார். தரையில் கிடந்த இரண்டு பெட்டிகளைப் பார்த்தார். விரலை மடக்கினார்.

"பொன்மணி, ஆறு பெட்டியத் திருப்பு."

"ஆளு ரெண்டு பேருதான மொதலாளி?"

"திருப்புன்னா திருப்பு."

ஆறு பெட்டிகளும் அட்டையின் வெறும் பழுப்பு நிறத்தோடு கண்டெய்னரின் மூலையில் போய் உட்கார்ந்தன. கயிற்றை செந்தூர்பாண்டியே பக்கத்துக் கடையில் வாங்கி வந்து, உள்ளே ஏறித் தன் கையால் கட்டினார். அங்கிருந்தவர்களில் அந்த விஷயத்தில் அனுபவப்பட்டவர் அவர் ஒருவர்தான்.