யூலியானாவின் நாற்பது மணித்தியாலம்

சுலோஜனாவின் வீட்டுக்கு வந்து மூன்று கிழமையாகியும் யூலியானா ஒரு முற்றத்தைக்கூட முழுதாகக் கூட்டி முடிக்கவில்லை. தும்புத்தடியில் கை வைத்தால் போதும், சுலோஜனா ஓடிவந்து பறித்துவிடுவாள்.

யூலியானா ஜேர்மனியில் தமிழ் படிக்கிற பிள்ளை. படிப்பின் ஒரு பகுதியாக ஒரு மாதம் நெடுந்தீவில் ஒரு வீட்டில் தங்க வேண்டும். அதோடு ஊருக்கு நாற்பது மணித்தியாலம் வேலை செய்து, அதை ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவளுக்குக் கொடுத்த வேலை, மாடுகள் இடித்துத் தள்ளிய முன்பள்ளி மதிலைக் கட்டுவது. சீமெந்து ஒன்றும் தேவையில்லை. முருகைக்கல்லைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சரி.

ஆனால் வீட்டுக்கு வந்த ஆளைக் கல்லுச் சுமக்க விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு மனம் வரும்? முதல் நாள் யூலியானா நாலு கல்லு வைத்தாள். ஐந்தாவது கல்லை சுலோஜனாவின் புருஷன் பாலசிங்கம் அவள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார்.

"நீர் நிழலிலை இரும் பிள்ளை. உமக்கு இது ஏலாது."

சுலோஜனா தேத்தண்ணியும் பனங்காய்ப் பணியாரமும் கொண்டுவந்தாள். அயல் வீட்டு இலட்சுமிப்பிள்ளை குடை பிடித்தாள். இப்படி ஆளுக்கு ஆள் கைகொடுத்ததில் மதில் நூல் பிடித்தாற்போல் எழும்பி நின்றது. யூலியானா இரண்டு கிலோ கூடியிருந்தாள்.

புதன்கிழமைப் படகில் நிசாந்தினி வந்தாள். இந்த மாணவர்களுக்குப் பொறுப்பானவள். தாளை வாங்கிப் பார்த்தாள். மூன்று மணித்தியாலம் என்று மட்டும் இருந்தது. நாற்பது என்று எழுதச் சொல்லி சுலோஜனா கேட்டுப் பார்த்தாள்தான். பிள்ளை மாட்டேன் என்றுவிட்டாள்.

"அக்கா, நாற்பது வராட்டில் இவ ஒரு வருசம் திரும்பப் படிக்கோணும்," என்றாள் நிசாந்தினி. "இன்னும் ஒரு கிழமைதான் கிடக்கு. இஞ்சை மதிலும் முடிஞ்சுது. இறுப்பிட்டியிலை ஒரு வீடு இருக்கு, அவையள் வேலை செய்ய விடுவினம். இண்டைக்கே கூட்டிக்கொண்டு போறன்."

மகன்மார் இரண்டு பேரும் பிரான்சுக்குப் போனபிறகு, குசினிக்குள் பக்கத்தில் குந்தியிருந்து சுலோஜனாவோடு கதைக்க வந்த முதல் ஆள் இந்தப் பிள்ளைதான். போய்விட்டால் வீடு திரும்பவும் வெறிச்சென்று கிடக்கும். அது போகட்டும், பாசம் பாசம் என்று பிள்ளையின் ஒரு வருடத்தையல்லவா நாசமாக்கப் பார்த்தோம் என்று நினைக்க அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவள் விறுவிறென்று ஒழுங்கையில் இறங்கி முன்பள்ளிக்குப் போனாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். இரண்டு கையாலும் மதிலைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினாள். பாதி மதில் கடகடவென்று சரிந்தது.

"வேலை கிடக்கு," என்றாள் பின்னால் வந்த நிசாந்தினியிடம். "ஒரு கிழமைக்குக் காணும்."

பாலசிங்கம் தலையில் கை வைத்தார். "இடுப்பு முறியக் கட்டினனான், சுலோ."

"பேசாமல் இருங்கோ. ஒரு கல்லைத் தொட்டியளோ, இரவுச் சாப்பாடு இல்லை."

நிசாந்தினி சிரித்துக்கொண்டே தனியாகப் படகேறினாள்.

அந்தக் கிழமை சுலோஜனா பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பூவரசு நிழலில் கதிரை போட்டு இருந்தாள். யூலியானா உருண்டைக் கல்லை அடியில் வைப்பாள், மேலே வைத்ததெல்லாம் உருளும். திரும்ப அடுக்குவாள். முழங்கை உரசி இரத்தம் வந்தது. சுலோஜனா பாதி எழும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப இருந்தாள். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தாள்.

"பெரிய கல்லைக் கீழை வையடி. எத்தினை தரம் சொல்லுறது?"

ஆறாம் நாள் கணக்கு முப்பத்தெட்டு மணித்தியாலம். மதில் கோணல்மாணலாக இடுப்பளவுக்கு வந்திருந்தது. அந்த வழியால் வந்த இலட்சுமிப்பிள்ளை நின்று முகத்தைச் சுளித்தாள்.

"என்ன சுலோ, வந்த பிள்ளையை இந்த வெயிலுக்கை வேலை வாங்கிறாய். சனம் என்ன சொல்லும்?"

"ஆர் வந்த பிள்ளை?" என்றாள் சுலோஜனா. "இது என்ரை பிள்ளை. என்ரை பிள்ளையை நான் வேலை வாங்குவன், ஆர் கேக்கிறது?"

யூலியானா கல்லோடு அப்படியே நின்றுவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"என்னடி பாக்கிறாய், வை," என்றாள் சுலோஜனா, கதிரையை விட்டு எழும்பாமலே.