கண்டங்கள் எத்தனை

என் தங்கை இங்கே வந்து சேர்ந்தபோது கையில் அடையாளக் காகிதம் ஒன்றுகூட இல்லை. வீடு எரிந்ததில் எல்லாம் போயிற்று. எங்கள் நாட்டிலிருந்து தப்பி வருகிறவர்களுக்கு இங்கே அடைக்கலம் உண்டு. எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்காரர்களுக்கு இல்லை. இரண்டு பக்கமும் பேச்சு ஒன்று, முகஜாடையும் ஒன்று. அதனால் காகிதம் இல்லாதவர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். பதில் சரியில்லை என்றால் அந்தப் பக்கத்துக்காரி என்று எழுதி அங்கே அனுப்பிவிடுவார்கள். அங்கே அவளுக்கு ஒரு நாதி கிடையாது.

நான் ஒன்பது வருடமாக இங்கே ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறவன். ஒரு நாட்டில் ஒன்பது வருடம் தள்ளிவிட்டால் எல்லாம் தெரியும் என்ற திமிர் தானாக வந்துவிடும். எனக்குக் கொஞ்சம் கூடவே வந்திருந்தது. மூன்று வாரம், வேலை முடிந்து வந்ததும் அவளைச் சமையல் மேடைப் பக்கம் உட்கார வைத்துக் கேள்வி கேட்டுப் பழக்கினேன். கண்டங்கள் எத்தனை என்றதற்கு ஐந்து என்றாள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்துதான். இரண்டு அமெரிக்காவையும் ஒன்றாகக் கட்டிவிடுவோம். குடியிருப்பே இல்லாத பனிக்கண்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இங்கே ஏழு. குடியுரிமைத் தேர்வில் நான் ஐந்து என்று எழுதி, அந்த ஒரு மதிப்பெண்ணில் தோற்றவன். என் பிழைப்பு இன்னும் இங்கே தங்குவதற்கான அனுமதிச் சீட்டில்தான் ஓடுகிறது. அந்த எரிச்சல் எனக்கு அடங்கவே இல்லை.

"நமக்கு அஞ்சுன்னுதானே சொல்லிக் குடுத்தாங்க, அண்ணா?"

"அது அங்க. இங்க கேக்கறது இவங்க. ஏழுன்னு சொல்லு, வாதாடாத."

சரி என்று தலையாட்டினாள். சின்ன வயதிலிருந்தே நான் சொல்லிவிட்டால் அவளிடம் மறுபேச்சு இருக்காது.

விசாரணை அறை மூன்றாவது மாடியில். திறக்க முடியாத ஜன்னல், தரையோடு திருகி வைத்த மேசை. அந்தப் பக்கம் அதிகாரியம்மா, பக்கவாட்டில் மொழிபெயர்ப்பாளர். சொந்தக்காரர் ஒருவர் உடன் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது. பதில் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். சொல்லிக் கொடுத்தது தெரிந்தால் என் அனுமதிச் சீட்டு ரத்து. படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

ஆற்றின் பெயர், சந்தை கூடும் நாள், தலைமையாசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர், எல்லாவற்றையும் தங்கை தடுமாறாமல் சொன்னாள். அதிகாரியம்மா முகத்தில் ஒரு சிரிப்புக்கூட வந்தது. பிறகு, பள்ளிக்கூடத்தில் கண்டங்கள் எத்தனை என்று படித்தாய் என்று கேட்டார்.

"ஏழு."

அதிகாரியம்மா இழுப்பறையிலிருந்து இரண்டு மெல்லிய புத்தகங்களை எடுத்து வைத்தார். ஒன்றின் அட்டையை எனக்கு நன்றாகத் தெரியும், எங்கள் ஐந்தாம் வகுப்புப் புவியியல். இன்னொன்று அந்தப் பக்கத்தினுடையது. இரண்டையும் பிரித்துக் காட்டினார், அதில்தான் ஏழு. உலகத்தைப் பற்றி இவர்கள் கேட்கவே இல்லை, எங்கள் வகுப்பறையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அடிமுட்டாள் நான்.

மொழிபெயர்ப்பாளர் நிதானமாகக் கேட்டார். இந்தப் பதிலை யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

தங்கை புத்தகங்களைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பவில்லை.

"யாரும் சொல்லிக் குடுக்கல. பள்ளிக்கூடத்துல ஏழுன்னுதான் படிச்சேன்."

அதிகாரியம்மா எழுத ஆரம்பித்தார். நீளமாக எழுதினார், இடையில் ஒரு தடவை பேனாவை மாற்றிக்கொண்டார். நிறுத்துங்கள், நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் இருந்தது. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை நீளம்கூட இல்லை. நான் இருமக்கூட இல்லை.

காவலர் அவளை வேறு வாசல் வழியாக அழைத்துப் போக வந்தார். எழுந்தவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் சொன்னா உன் சீட்டு போயிடும்னுதான் சொல்லல. நீ சொல்லிடுவேன்னு நெனச்சேன், அண்ணா."